ராஸ்கோ தீவை ஹெப்ஸிபா இழுத்து வந்தது

வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரின் இரண்டாம் வருடம், செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹெப்ஸிபா என்ற நீராவி இழுவைப் படகு ஒரு தீவை வடத்தில் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் டில்லர்ட் துறைக்கு வந்து சேர்ந்தது. தீவில் குடிசைகளும், அறுவடைக்கு நின்ற சர்க்கரைவள்ளித் தோட்டமும், பன்றிகளும், நாற்பது பேருக்கு மேல் மனிதர்களும் இருந்தார்கள். அன்று மாவு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. உப்பு பழைய விலைதான். படகை முழு பாரத்தோடு கரையணைப்பது எளிதல்ல என்பதால் துறைமேடையில் நின்றவர்கள் முதலில் கயிறு பிடிக்கத்தான் ஓடினார்கள். என்ன பாரம் என்று நிமிர்ந்து பார்த்தது அப்புறம்தான்.

இழுவைப் படகு என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது படகின் உடம்பு போர்த்திய ஓர் எஞ்சின். பயணிகளுக்கு இடமில்லை, சரக்குக்கு இடமில்லை. கொதிகலன், எஞ்சின், நிலக்கரி, பின்னால் தண்ணீருக்குள் அகலமான ஒரு விசிறி, இவ்வளவுதான். இழுவை வடத்தைப் படகின் வால்முனையில் கட்டமாட்டார்கள். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், தளத்தை ஊடுருவி அடிக்கட்டை வரை இறங்கிய ஒரு தடித்த மரத்தூணில் கட்டுவார்கள். வாலில் கட்டினால் பாரம் வாலைப் பிடித்துக்கொள்ளும், சுக்கானைத் திருப்பினாலும் படகு திரும்பாது. நடுவில் கட்டினால் வால் தாராளமாக வீசும், பூனை வால்போல. இந்தத் தூண் எங்கே நிற்கிறது என்பதில்தான் இழுவைத் தொழிலின் பாதி இருக்கிறது.

ஹெப்ஸிபா போருக்கு முன் பால்டிமோரில் மரத்தெப்பங்கள் இழுத்துக்கொண்டிருந்தாள். வடக்குக் கடற்படை அவளை வாங்கி, சுக்கான் அறையைச் சுற்றிக் கொதிகலன் தகடுகளை அறைந்து, முன்முனையான அணியத்தில் சக்கரம் வைத்த ஒரு பித்தளைப் பீரங்கியை ஏற்றி, போர்க்கப்பல் என்று பெயர் கொடுத்தது. பீரங்கி குண்டை முன்னால் தள்ளும்போது தன்னைப் பின்னால் தள்ளிக்கொள்ளும். பெரிய கப்பலில் அது தெரியாது. ஹெப்ஸிபாவில் ஒருமுறை சுட்டால், கஷ்டப்பட்டு முன்னேறிய தூரத்தில் பாதி போய்விடும். ஒருமுறை தெற்கத்திக் கலகக்காரர்களின் காவல் கொட்டகையை நோக்கி ஐந்து முறை சுட்டு, ஆற்றின் எதிர்க்கரையில் போய் மோதி நின்றாள். அன்றிலிருந்து, சுடுவதற்கு முன் ஏதாவது மரத்தில் கட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. எதிரி வரும்வரை கட்டுவதற்கு மரம் தேடிக்கொண்டிருந்த போர்க்கப்பல், ஆறுகள் வந்து சேரும் இந்தக் கடற்கழியில் இவள் ஒருத்திதான்.

கேப்டன் அலோன்சோ பிட்கின் கனெக்டிகட்காரர். எல்லாவற்றையும் ஒழுங்கு விதிப்படி செய்யவேண்டும் என்று தவித்து, எதற்கும் விதி இல்லாத ஆற்றில் மாட்டிக்கொண்டவர். எஞ்சின் டெவ்லினுடையது. ஐரிஷ்காரன், பேசாமல் இருந்தால் கொதிகலன்போல வெடித்துவிடுவான் என்று சொல்வார்கள். ஆற்றை அறிந்தவன் பிரைமஸ் ஸ்பெல்லர். அவன் அடிமையாகப் பிறந்தது சோவான் ஆற்றின் மேல்பகுதியில், கலகக்காரர் வசமிருந்த ராஸ்கோ தீவில். ராஸ்கோ குடும்பம் அவனை ஐந்து வருடம் முன்பு ஏடன்டனில் ஒரு மீன்பிடி முதலாளிக்கு விற்றது. வடக்குக் கப்பல்கள் கழிக்குள் வந்த அன்று பிரைமஸ் வலையை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு நடந்துபோய், எனக்கு இந்த ஆறு தெரியும் என்றான். மனைவி ஹேகர் தீவிலேயே இருந்தாள்.

ராஸ்கோ தீவைப் பற்றி ஆற்றின் இரு கரை ஜில்லாக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம், அங்கே கால் வைத்தவர்கள் வெளியே வர முடியாது என்பது. தெற்குக் கரையில் படகேறித் துடுப்புப் போட்டால், நேராகப் போய்த் தீவின் வடக்குக் கரையில் முட்டும். கிழக்கே நீந்தினால் மேற்கே கரையேறலாம். ஒரு பிரசங்கத்துக்காக வந்த மெதடிஸ்ட் போதகர் பதினொரு வருடம் பிரசங்கம் செய்து அங்கேயே காலமானார். விற்கப்பட்டவர்கள் மட்டும் போகலாம். விலை பேசி முடிந்ததும் அவர்களுக்கு ஆறு வழிவிடும், அதன் பிறகு அவர்கள் வரவும் போகவும் தடையில்லை. இதை மூடநம்பிக்கை என்று தீவின் முதலாளி எல்மோர் ராஸ்கோ சொல்வார், அவர் அப்பாவும் சொன்னார். ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் தீவில் கால் வைத்ததில்லை. கொசு அதிகம் என்று காரணம் சொல்வார்கள். மேற்பார்வையாளன் படகில் நின்றபடியே கூம்புக் குழலில் கத்தி வேலை சொல்லிவிட்டுப் போவான். காவலுக்கு ஆளும் நாயும் வைக்கவேண்டியிராத தோட்டம் என்று மற்ற முதலாளிகளுக்கு ராஸ்கோமேல் பொறாமை.

அந்த செப்டம்பரில் ஹெப்ஸிபா மேல்பகுதிக்கு வேவு பார்க்கப் போனபோது, வளைவுக்கு இப்பால் அவளை நிறுத்திவிட்டு, பிரைமஸ் சின்னப் படகில் தீவுக்குப் போனான். ஹேகர் கரையில் சர்க்கரைவள்ளிக் கொடி அறுத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? அஞ்சு வருஷமா எந்த ஊர்ல எலி புடிச்சிட்டிருந்த?"

"கடற்படையில சேந்துட்டேன்."

"பாத்தாலே தெரியுதே. சட்டையில பித்தளைப் பொத்தான், உள்ள எலும்பு." அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "வந்ததும் வந்த, நல்ல நாளாப் பாத்து வந்திருக்க. வர்ற வாரம் எங்க எல்லாரையும் ஜார்ஜியாக்காரனுக்கு விக்கப்போறான். கழியில உங்க கப்பலுங்க வந்ததுல இருந்து அந்த ஆளுக்குத் தூக்கமே இல்லையாம்."

விற்றால் ஆறு வழிவிடும். ஆனால் அந்த வழி ஜார்ஜியாவுக்குத்தான் போகும், அங்கே ஹேகரைத் தேடிக் கண்டுபிடிக்க பிரைமஸுக்கு ஓர் ஆயுள் போதாது. அவளைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டான். கொஞ்ச நேரத்தில் வடக்குக் கரையில் முட்டி நின்றார்கள். மறுபடி போட்டான், மறுபடி முட்டினார்கள். மூன்றாவது தடவை ஹேகர் இறங்கி, "நீ போட்ட துடுப்புக்கு நான் ரெண்டு வரி தோண்டியிருப்பேன்யா" என்று தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பிரைமஸ் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். டெவ்லின் எண்ணெய்க் கையை முகத்தில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "ஆளுங்க மண்ண விட்டு வரமாட்டேங்கறாங்க, அவ்வளவுதானே? மண்ணோட இழுத்துட்டு வாய்யா."

கேப்டன் பிட்கின் திடுக்கிட்டார். "தீவை இழுக்கறதா? அதை நான் என்னன்னு எழுதறது? கப்பலா, சரக்கா?"

"தட்டையா இருக்கு, தானா நகராது, மேல ஆளுங்க நின்னு சத்தம் போடறாங்க. பால்டிமோர்ல இதுக்குப் பேரு பார்ஜு, கேப்டன்."

இதில் கேப்டனுக்கு நிம்மதி வந்தது. பார்ஜுக்கு விதி இருக்கிறது.

தீவு ஆற்றின் அடித்தரையோடு ஒட்டியது அல்ல என்பது பிரைமஸுக்குச் சிறு வயதிலேயே தெரியும். மேல்முனையில் ஒரு சைப்ரஸ் தோப்பு. அதன் வேர்கள்தான் அடிச்சேற்றைப் பிடித்துக்கொண்டு, நூற்றாண்டுகளாகத் தீவை நங்கூரம்போல நிறுத்தியிருந்தன. தீவு மக்கள் இடுப்புவரை தண்ணீரில் இறங்கி அந்த வேர்களை அறுத்தார்கள். வேர்மேல் நிற்பதும் தீவின்மேல் நிற்பதுதான் என்பதால் யாரும் வடக்குக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. டெம்பி என்பவள் நிறைமாதக் கர்ப்பிணி. தண்ணீரில் இறங்கக்கூடாது என்று மற்றவர்கள் தடுத்ததால், கரையில் உட்கார்ந்து ரம்பங்களைத் தீட்டிக் கொடுத்தாள். ஹெப்ஸிபாவின் வடத்தைத் தீவின் கீழ்முனையில் ஒரு பெரிய மரத்தில் சுற்றினார்கள்.

இழுப்பதில் முதல் பாடம் வெடுக்கென்று இழுக்கக்கூடாது என்பது. வடம் தண்ணீரில் தொய்ந்து கிடக்கவேண்டும். மெல்ல முன்னேறும்போது தொய்வு நிமிரும், அந்தத் தொய்வுதான் வில்போல வேலை செய்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தொய்வே இல்லாமல் இழுத்தால் வடம் அறுந்து திரும்பி அடிக்கும், அடிபட்டவன் பிழைப்பதில்லை. இரண்டாம் பாடம் சேற்றின் பிடி. சேற்றில் மாட்டிய காலை நேராக மேலே இழுத்துப் பாருங்கள், வராது. இப்படியும் அப்படியும் ஆட்டினால் அடியில் தண்ணீர் புகுந்து, பிடி விடும். டெவ்லின் நீராவியை அழுத்தமானியின் சிவப்புக் கோட்டுக்கு ஏற்ற, பிரைமஸ் ஹெப்ஸிபாவை இடப்பக்கம் கொஞ்சநேரம், வலப்பக்கம் கொஞ்சநேரம் என்று வீசினான். தீவு அசையவில்லை. பன்றிகள் மட்டும் சந்தேகத்தோடு தலை தூக்கிப் பார்த்தன.

அந்த நேரத்தில்தான் கலகக்காரர்களின் குதிரைப்படை ஒன்று மேல்கரையில், தீவுக்குப் பின்னால், துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்தில் வந்து நின்று சுட ஆரம்பித்தது. கேப்டன் அணியப் பீரங்கியைத் திருப்பச் சொன்னார். டெவ்லின் எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான்: "அணியத்துல வேணாம்! பின்னாடி தள்ளிட்டு வாங்க! அது பின்னால சுட்டா நம்மள முன்னால தள்ளும்!"

"பீரங்கி அணியத்துல இருக்கணும்னு விதி, டெவ்லின்."

"அப்ப விதியையே வடத்துல கட்டி இழுக்கச் சொல்லுங்க, கேப்டன்!"

பிட்கின் ஒரு மூச்சு யோசித்தார். பார்ஜு இழுக்கும்போது பீரங்கி எங்கே இருக்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைத்தது. ஆறு பேர் சேர்ந்து அதைப் பின்பக்கம் உருட்டினார்கள். முதல் குண்டு தீவின் புகைபோக்கிகளுக்கு மேலே பறந்து குதிரைகளுக்கு நடுவே சேற்றைக் கிளப்பியது. படகு ஓர் அடி முன்னால் பாய்ந்தது. இரண்டாவது குண்டுக்கு வடம் பாடியது. மூன்றாவதற்கு, ஈரமான பூட்ஸைக் கழற்றும் சத்தம்போல ஒரு பெரிய சத்தம் கேட்டது, ராஸ்கோ தீவு ஆற்றில் நகர ஆரம்பித்தது. கலகக்காரர்கள் கொஞ்ச தூரம் கரையோடு குதிரையில் துரத்தினார்கள். அவர்கள் துரத்தத் துரத்த ஹெப்ஸிபா சுட்டாள், சுடச்சுட வேகம் கூடியது. எதிரி துரத்தினால் மட்டும் வேகமாக ஓடும் கப்பல் என்று அப்புறம் டெவ்லின் பெருமையடித்துக்கொண்டான். ஒரு பன்றிக்கு மட்டும் துப்பாக்கிக் காயம் பட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு அது உதவியது.

டில்லர்ட் துறைக்கு வந்ததும் இழுவைக்காரர்கள் தங்கள் பழக்கப்படி ஒரு தப்புச் செய்தார்கள். பாரத்தைப் பக்கவாட்டில் மேடையோடு ஒட்டிக் கட்டுவதுதான் அவர்கள் தொழில். அப்படியே தீவையும் கட்டினார்கள். கடைக்காரர் வின்போர்னின் கடைவாசலில் காலை வெயில் நின்றுபோனது. அவர் கேப்டனிடம் புகார் சொன்னார். கேப்டன் அதைப் போர்க்கால நிழல் என்றார்.

தீவுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பலகை போட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஹேகர்தான் காலை எடுத்து வைத்தாள். பலகையில் மூன்றடி நடந்தாள், நான்காவது அடி தீவின் வடக்குக் கரையில், நாணல்களுக்கு நடுவே விழுந்தது. சுற்றி நடந்து திரும்பி வந்தாள். பிரைமஸ் மேடையில் கையை நீட்டியபடியே நின்றிருந்தான்.

"பூட்டையும் சேத்து இழுத்துட்டு வந்துட்டீங்களேய்யா" என்றாள்.

டெவ்லின் இதை எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினான். கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. கீல் வைத்த ஒரு சின்னத் தகடு. தண்ணீர் உள்ளே போகும்போது தகடு தூக்கிக்கொண்டு வழிவிடும். திரும்பி வரப் பார்த்தால், வரும் தண்ணீரே தகட்டை அழுத்தி மூடிவிடும். எவ்வளவு முட்டுகிறாயோ அவ்வளவு இறுக்கமாக மூடும். இந்தத் தீவு அப்படி ஒரு வால்வு. விற்பனை என்கிற ஒரே அழுத்தத்துக்குத்தான் தகடு தூக்கும்.

துறையிலிருந்த வடக்குப் படைத் தளபதி அலுத்துப்போன, பல்வலிக்காரர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. அரசாங்கம் ஆளுக்கு ஒரு செண்ட் வீதம் பெயருக்கு வாங்கி, உடனே விடுதலை செய்துவிடலாம். பிரைமஸ் ஓடிப்போய் ஹேகரிடம் சொன்னான். அவள் சர்க்கரைவள்ளி தோண்டுவதை நிறுத்தவில்லை.

"உன்னை விக்கறப்ப என்ன பண்ணாங்க?"

"வாயத் திறக்கச் சொல்லி, பல்லத் தட்டிப் பாத்தாங்க."

"என்னை இதுவரைக்கும் யாரும் விக்கல, பிரைமஸ். எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். ஒரு செண்ட்டுக்கு அத நான் தரமாட்டேன். வெளையாட்டுக்குக்கூட தரமாட்டேன்."

பிரைமஸ் மண்வெட்டியை எடுத்து அடுத்த வரியில் தோண்ட ஆரம்பித்தான். தீவில் மற்றவர்களும் ஹேகர் சொன்னதையே சொன்னார்கள். அன்று மாலை தீவில் டெம்பி ஒரு பெண் குழந்தை பெற்றாள்.

மறுநாள் எல்மோர் ராஸ்கோ வெள்ளைக்கொடியோடு படகில் வந்தார். மழுங்கச் சவரம் செய்த முகம், மஞ்சள் கையுறை, கூடவே ஒரு வக்கீல். தன் ஆட்கள் ஒருவரும் ஓடவில்லை, அவர்கள் தன் நிலத்தில்தான் நிற்கிறார்கள், நிலத்தைத் திருடியது கடற்படை, திருட்டுச் சொத்தைத் திருப்பிக் கொடுப்பது எந்த நாட்டிலும் மரியாதை என்றார். தளபதி பல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். எஜமானை விட்டு ஓடிவந்து தன் எல்லைக்குள் நுழைந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்றுதான் அவருக்கு உத்தரவு. இவர்கள் ஓடிவரவில்லையே. எந்த நிலத்தில் பிறந்தார்களோ அந்த நிலத்தை விட்டு ஓர் அடி நகரவில்லையே. அவர் எழுதுகோலை எடுத்தார். பிரைமஸ் சுவரோரம் நின்று அந்த எழுதுகோலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கேப்டன் பிட்கின் அப்போது தொண்டையைக் கனைத்தார். "பார்ஜைத் திருப்பிக் கொடுக்கறதுன்னா, சொந்தக்காரர் நேர்ல ஏறி, சேதம் இல்லன்னு பாத்து ஒத்துக்கணும். விதி அப்படித்தான்." இது குறும்பா, அவர் உண்மையிலேயே விதியை நினைத்தாரா என்று எங்கள் ஊரில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

ராஸ்கோ துறைமேடைக்கு வந்தார். நீளமான நீர்ப்பரப்பும் கொசுவும் இல்லாமல், கடை, மேடை, பலகை, அப்பால் தோட்டம் என்று பக்கத்துவீடு மாதிரித் தெரிந்த தீவைப் பார்த்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் செய்யாததைச் செய்து, பலகையில் நடந்து, தீவில் கால் வைத்தார். பன்றிகளை எண்ணினார். சேதமில்லை என்றார். திரும்பிப் பலகையில் ஏறினார். சற்று நேரத்தில் வடக்குக் கரையிலிருந்து அவர் கூச்சல் கேட்டது.

அன்று முழுவதும் அவர் முயன்றார். படகில் போனார், நீந்தினார், கண்ணை மூடிக்கொண்டு ஓடினார். ஒவ்வொரு தடவையும் காதில் பாசி தொங்க வடக்குக் கரையில் ஏறி வந்தார். வக்கீல் மேடையில் நின்று ஆறுதல் சொன்னார், பலகையைத் தொடவில்லை. சாயங்காலம் ராஸ்கோ கேப்டனைக் கூப்பிட்டார்.

"கேப்டன், விலை பேசினா வெளிய வரலாம்தானே? என்னை வாங்கிக்கோங்க."

"உங்கள வச்சு நான் என்ன பண்றது? கயிறு முடியத் தெரியுமா?"

டெவ்லின் குறுக்கே புகுந்தான். "வாங்க ஆள் கெடைச்சாலும் விக்க ஆள் வேணுமே சார். இவங்களுக்கு ஓனர் நீங்க. உங்களுக்கு ஓனர் யாரு? யாரும் இல்ல. ஓனர் இல்லாத ஆள எப்படி விக்கறது? உங்களுக்கு இந்த வால்வு தொறக்கவே தொறக்காது. உடைக்கத்தான் வேணும்."

"எப்படி உடைக்கறது?"

"வால்வைப் புடிச்சு அழுத்திட்டிருக்கறது உங்க உரிமைதான். கையை எடுங்க."

ராஸ்கோ ஒரு இரவு முழுக்கப் போதகரின் பழைய குடிசையில் படுத்திருந்துவிட்டு, காலையில் தோட்டத்தின் நடுவே வந்து நின்று, இங்கே உள்ள எல்லோரையும் விட்டுவிட்டேன் என்று உரக்கச் சொன்னார். பலகைக்குப் போனார். வடக்குக் கரை.

ஹேகர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எல்லாரும்னா யாரு? மந்தையா? எங்களுக்குப் பேரு இருக்கு சார். ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அவருக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. மேற்பார்வையாளனுக்குத்தான் தெரியும். ஆகவே எல்மோர் ராஸ்கோ கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, குடிசை குடிசையாகப் போய்க் கதவைத் தட்டி, உங்கள் பெயர் என்ன என்று கேட்க ஆரம்பித்தார். சிலர் உடனே சொன்னார்கள். சிலர் வேலையாக இருக்கிறோம், தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் சொல்கிறோம் என்றார்கள். மிங்கோ என்ற கிழவர் தன் முழுப் பெயரையும், தன் அப்பா கடல் தாண்டி வரும்போது கொண்டுவந்த பெயரையும் சொல்லி, அதைச் சரியாக உச்சரிக்கும்வரை அவரை விடவில்லை. அதற்கே ஒரு மத்தியானம் போயிற்று. சாப்பாட்டுக்கு அவர் வரிசையில் நின்றார். "தோண்டாதவங்களுக்குச் சின்னக் கிழங்குதான்" என்று ஹேகர் சொன்னதால், மறுநாளிலிருந்து தோண்டவும் செய்தார். அவருக்குப் பிடிமானம் வரவில்லை, மண்வெட்டியைத் துடுப்புபோலப் பிடித்தார்.

ஒருவழியாக எல்லாப் பெயர்களும் கிடைத்தன. ஊரே மேடைக்கு வந்திருந்தது. தளபதி வீங்கிய கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தார். ராஸ்கோ தடுமாறாமல் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொருவர்மேலும் தனக்கு உரிமையில்லை என்றார். ஹேகர் பெயரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றினார். முடித்துவிட்டுப் பலகையில் நடந்தார். வடக்குக் கரை.

"யாரையோ விட்டுட்டீங்க" என்றான் டெவ்லின்.

விடுபட்டது டெம்பியின் குழந்தை. குழந்தைக்குப் பெயர் என்ன என்று ராஸ்கோ கதவைத் தட்டிக் கேட்டபோது, டெம்பி தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "இன்னும் வைக்கல. ஒம்பதாம் நாள்தான் வைப்போம். அதுவரைக்கும் அது இங்க தங்கலாமா போகலாமான்னு யோசிச்சிட்டிருக்கும். அவசரப்படுத்தக்கூடாது."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ஒம்பதாம் நாள் வர்ற வரைக்கும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீவில் இந்த வழக்கத்தை யாரும் எக்காரணத்துக்கும் மீறியதில்லை. ராஸ்கோ தளபதியிடம் கெஞ்சினார், தளபதி டெம்பியிடம் தூது விட்டார். இராணுவ உத்தரவு பிரசவ அறைக்குள் செல்லாது என்று டெம்பியின் அம்மா திருப்பி அனுப்பினாள். ஹேகருக்கும் இந்தக் காத்திருப்பு கஷ்டம்தான். பலகைக்கு அந்தப் பக்கம் நாலடியில் துறை இருந்தது. மேல்பகுதியில் கலகக்காரர்கள் இரும்புக் கப்பல் கட்டுகிறார்கள், டில்லர்ட் துறையையே காலி செய்யவேண்டி வரலாம் என்று பேச்சும் இருந்தது. பிரைமஸ் தினமும் வேலை முடித்து வந்து, நாளை வேர் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று தீவின் அடியைக் கழியால் குத்திப் பார்ப்பான். என்றாலும் ஹேகர் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை. டெம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ராஸ்கோவுக்குச் சின்னக் கிழங்கு கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை டெம்பி குழந்தையை வெளியே கொண்டுவந்து, வெயிலில் காட்டி, குடிசையைச் சுற்றி நடந்து, ஃபீபி என்று பெயர் வைத்தாள். தங்குவதென்று குழந்தை முடிவு செய்துவிட்டது என்பது அது போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. ராஸ்கோ முன்னால் வந்து, ஃபீபிமேல் எனக்கு உரிமை இல்லை என்றார். பன்னிரண்டு ராத்தல்கூட இல்லாத அந்தக் குழந்தையிடம் அதைச் சொல்ல அவர் குனியவேண்டியிருந்தது. பிறகு பலகையில் நடந்தார், நான்காவது அடி மேடையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் நேராக வக்கீலின் படகில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மண்வெட்டி பிடித்த உள்ளங்கைகளில் கொப்புளம் இருந்ததாக வின்போர்ன் சொல்வார்.

அடுத்து ஹேகர். எல்லோரும் அவள் ஓடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் பலகையில் நடந்து மேடைக்கு வந்தாள். பிரைமஸ் அவளைத் தொட்டுப் பார்த்தான், உண்மையிலேயே இங்கேதான் நிற்கிறாளா என்று. அவள் அவன் பொத்தான் ஒன்றைச் சரியாகப் போட்டுவிட்டு, வின்போர்னின் கடைக்குள் போய், நூல் என்ன விலை என்று கேட்டாள். சொன்னார். "கொள்ளை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பலகையில் ஏறித் தீவுக்குத் திரும்பிப் போனாள். தோட்டத்தில் இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது. பிரைமஸும் பின்னால் போனான்.

தளபதி எழுதுகோலை உறையில் வைத்துவிட்டு, பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாரத்துக்குப் போனார்.

போர் முடிந்ததும் கடற்படை ஹெப்ஸிபாவை ஏலம் விட்டது. பிட்கினும் டெவ்லினும் பிரைமஸும் கூட்டாகச் சேர்ந்து எடுத்தார்கள். பீரங்கியைக் கழற்றி அரசாங்கம் கொண்டுபோயிற்று. டெவ்லின் பல மாதம் அதற்கு ஏங்கினான். ராஸ்கோ அரசாங்கத்திடம் மன்னிப்புப் பெற்று, மற்ற தோட்டக்காரர்களைப்போலத் தன் நிலங்களைத் திரும்பக் கேட்டார். ஆட்கள்மேல் உரிமை இல்லை என்று சொன்னேனே தவிர, மண்மேல் இல்லை என்று சொல்லவில்லை என்பது அவர் வாதம். சுற்றுவட்டாரத்தில் விடுதலையானவர்கள் உழுத நிலங்களெல்லாம் இப்படியே பழைய முதலாளிகளுக்குத் திரும்பிப் போயின. தீவு எங்கள் ஜில்லாவில் இருக்கிறது என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டு ஷெரிஃப் வந்தார். வின்போர்னின் கடைவாசலில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தீவு இல்லை. ஹெப்ஸிபாவும் இல்லை.

அக்கரையில் பெர்டி ஜில்லாவில் தீவு நின்றிருந்தது. அங்கே செல்லும் தீர்ப்பை வாங்க ராஸ்கோவுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஷெரிஃப் போனபோது தீவு டிரல் ஜில்லாவில் இருந்தது. ராஸ்கோவின் மகன் வழக்கைத் தொடர்ந்தான், பேரன் விட்டுவிட்டான். இப்போது தீவில் ஒரு பள்ளிக்கூடமும் தேவாலயமும் இருக்கின்றன. ஃபீபிதான் பள்ளியில் பாடம் சொல்கிறாள். எங்கே போகலாம் என்று ஞாயிறு பிரசங்கத்துக்குப் பிறகு தீவில் கை தூக்கி முடிவு செய்வார்கள், மீன் பருவத்தில் கழிமுகம், கோடையில் நிழலுக்கு மேல்பகுதி. ஹேகர் எங்கே வேண்டாம் என்று சொன்னாளோ அங்கே போகமாட்டார்கள். ஜில்லாப் படம் வரைபவர்கள் பென்சிலில் மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். தபால்காரர் கிளம்புமுன் கழியில் எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று பார்த்துக்கொள்வார். எங்கள் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சர்க்கரைவள்ளி வாங்கவேண்டும் என்றால், தீவு இன்று எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிறோம்.